சிவப்புத் தலைக் கம்புகளும் என் பட்டப்படிப்பும்

எனக்கொரு வியாதி இருக்கிறது. தரையைப் பார்க்காமல் நடக்கத் தெரியாது. கலியாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்கிறதுக்கு முதல் பந்தல்காலடியைத்தான் பார்ப்பேன். (புதுசாய்க் கிண்டின மண் என்றால் சாப்பாடு இறங்காது.) பதினொரு வருசம் கண்ணிவெடி அகற்றினவளுக்கு வேறு என்ன வியாதி வரும்? அந்த வியாதியை ஊர் பார்க்கக் காட்டி மானம் கெட்டேன். அதுவும் எங்கே? பாதுகாப்புப் படிப்புக்குச் சேரப் போன இடத்தில்.

முப்பத்தாறு வயதில் எனக்குப் படிப்பு ஆசை வந்தது அறிவு வளர்க்க அல்ல, பயத்தில். முகமாலைப் பக்கம் எங்கள் வேலை முடிந்துகொண்டு வந்தது. மண்ணுக்குள் கிடக்கிற வெடி முடிந்தால் நாட்டுக்குச் சந்தோசம், எங்கள் வீட்டு அடுப்புக்குத்தான் கேடு. வெளியில் பாதுகாப்பு அதிகாரி வேலைகள் கிடக்குது, ஆனால் பட்டம் கேட்பினம் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். பட்டத்துக்கு உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்க வேண்டும். என்னுடைய உயர்தரத்துக்கு அனுமதி அட்டை ஒழுங்காய் வந்தது, பரீட்சை மண்டபம்தான் வரவில்லை. அந்த நேரம் நாங்கள் ஷெல்லடிக்குள் பள்ளிக்கூடத்தை விட்டு ஐந்தாவது ஊரில் தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தோம். அதை யாரிடம் போய் முறையிடுவது?

முரசுமோட்டை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்புத் தெரிவு நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் மகள் துளசி போனில் தேடித் தேடி வாசித்தாள். அனர்த்த முகாமைத்துவம் என்று ஒன்று, உயர்தரம் கட்டாயம். தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று ஒன்று, எல்லாம் ஆங்கிலத்தில். மூன்றாவது, வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனம் புதிதாய்த் தொடங்கும் பொதுமக்கள் பாதுகாப்புப் பட்டம். "உயர்தரம் இல்லாத முதிர்ந்த மாணவர்கள் தகுந்த அனுபவத்தைக் காட்டி நேர்முகத்தேர்வு மூலம் சேரலாம்" என்று போட்டிருந்தது. படத்தில் ஒரு பெண் மஞ்சள் ஹெல்மெட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இதுதான் என்ர படிப்பு," என்றேன்.

இவர் (என் கணவர்தான்) கதிரையில் இருந்தபடியே சிரித்தார். "இஞ்சரும், காஸை மூடாமல் கடைக்குப் போற ஆள் நீர். பொதுமக்களை உம்மட்ட ஒப்படைச்சால் அதுகளின்ர கதி என்ன?"

"நான் ஒப்படைச்ச நிலத்திலதான் நாலு ஊர் சனம் வீடு கட்டி இருக்குது. நீங்கள் சும்மா இருங்கோ," என்றேன். அன்று எனக்கு இருந்த திமிரை நினைத்தால் இப்போதும் கூச்சமாய் இருக்கிறது.

நேர்முகத்தேர்வும் திறப்பு விழாவும் ஒரே நாள். சேலை கட்டி, துளசியையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் பெய்த மழையில் வளவெல்லாம் சகதி. கேற்றில் இருந்து புது மண்டபம் வரை வெறும் வளவுக்கு நடுவே ஒரு பாதை. பாதையின் இரண்டு பக்கமும் வரிசையாய்க் கம்பு நட்டிருந்தது. ஒவ்வொரு கம்பின் தலையிலும் சிவப்புப் பெயிண்ட்.

எங்கள் வேலையில் வெள்ளைத் தலைக் கம்பு என்றால் பார்த்து முடித்த இடம். சிவப்புத் தலை என்றால் அதற்கு அங்கால் வெடி கிடக்கலாம், கால் வைக்கக் கூடாது. இது எனக்கு மட்டும் தெரிந்த இரகசியம் இல்லை. வன்னியில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படியே நின்றுவிட்டேன். விழாவுக்கென்று யாராவது கம்பு நட்டிருக்கலாம் என்று என் மூளைக்கு எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு பெரிய மனுசர் போனில் கதைத்துக்கொண்டே கம்பைத் தாண்டி அங்கால் நாலு அடி போனார்.

"நில்லுங்கோ! அசையாதேங்கோ!"

அது என் வீட்டுக் குரல் இல்லை. ஆறு வருசம் பன்னிரண்டு பேரை வெயிலில் மேய்த்த குரல். மனுசர் ஒரு காலைத் தூக்கினபடி நின்றுவிட்டார். அவர் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. பாதையில் வந்த முழுச் சனமும் நின்றது. ஏன் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லையே! ஒரு தாய் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வாசலில் மேளம் அடித்தவரும் கையை நிறுத்தினார். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் போதும்.

"தூக்கின காலைப் பின்னுக்கு வையுங்கோ சேர். வந்த அடியிலேயே வையுங்கோ. ஓம், அப்பிடித்தான். நிலத்தைப் பாருங்கோ, என்னைப் பார்க்காதேங்கோ."

அவர் நடுங்கி நடுங்கிப் பின்னுக்கு வந்தார். இரண்டாவது அடியில் ஒரு சப்பாத்து சகதிக்குள் போய்விட்டது. எடுக்கக் குனிந்தார். "விடுங்கோ அதை!" என்று கத்தினேன். ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அலுவலகப் பொடியன் ஒருவன் ஓடி வந்தான். "அக்கா, அக்கா, அது நேற்று நான் நட்ட கம்பு! அலங்காரத்துக்கு. சிவப்புப் பெயிண்ட்தான் மிச்சம் கிடந்தது."

முதலில் சிரித்தது மேளக்காரர். பிறகு எல்லாரும். பயந்த சனம் சிரிக்கத் தொடங்கினால் இலேசில் நிறுத்தாது. துளசி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வாங்கோ வீட்டை போவம். எல்லாரும் வீடியோ எடுக்கினம்."

போயிருக்கலாம். ஆனால் வேலை முடிய மூன்று மாதம்தான் இருந்தது. போகவில்லை.

நேர்முகத்தேர்வு அறைக்குள் போனேன். மேசைக்கு அங்கால், சகதி பட்ட காற்சட்டையோடு, அதே மனுசர். (கடவுள் என்னை மட்டும் குறி வைத்துத்தான் வேலை செய்கிறார்.) பட்டப்படிப்புத் தலைவராம்.

"ஆபத்து எண்டால் என்ன? வரைவிலக்கணம் சொல்லுங்கோ," என்றார்.

ஆபத்தை மணந்து பார்த்து, தடவி, முழங்காலில் இருந்து கும்பிட்டு எடுத்தவள் நான். வரைவிலக்கணம் கேட்டதும் பேயைப் போல முழித்தேன்.

என் அனுபவக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில 'களத் தொழிலாளி' எண்டு கிடக்கு. இது கூலி வேலை அனுபவம். நாங்கள் கேக்கிறது பாதுகாப்பு அனுபவம்."

"சேர், எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் கடிதம் அடிச்சுத் தந்தவை. நான் ஆறு வருசம் குழுத் தலைவி. என்ர குழுவில ஒருத்தருக்கும் ஒரு விரல் போகேல்லை. இது பாதுகாப்பு இல்லாட்டி வேற எது சேர் பாதுகாப்பு?"

"அதுக்கு எழுத்தில ஆதாரம் இருக்கோ?"

போகாத விரலுக்கு ஆர் கடிதம் தருவினம்? "இல்லை சேர்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அனுபவம் போதாதாம்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டேன். ஒரு மாதம் கழித்துப் போன் அடித்தது. கம்பு நட்ட பொடியன்.

"அக்கா, விண்ணப்பத்தில உங்கட நம்பர் கிடந்தது. விடுதி கட்டப் பின்வளவைத் துப்புரவாக்கேக்க ஏதோ இரும்பு ஒண்டு மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கு. என்ன செய்யிறது?"

"தொடாதேங்கோ. ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ. பொலிசுக்குச் சொல்லுங்கோ."

"சொல்லியாச்சு அக்கா, வர நேரமாகுமாம். பிள்ளையள் போனோட அங்க நிக்கினம், சொன்னாக் கேக்கினம் இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து நிண்டால் நல்லம். சேரும் கேக்கச் சொன்னவர்."

என் நாக்கில் சனி. "தம்பி, அது அனுபவத்தில சேருமோ எண்டு சேரிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

அந்த மடையன் உண்மையாகவே போய்க் கேட்டான்! திரும்பி வந்து, "கடிதம் ஒண்டு தரலாமாம் அக்கா," என்றான்.

போனேன். கடிதத்துக்காகவும்தான் போனேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் கால்களை நினைத்தால் போகாமல் இருக்கவும் முடியவில்லை. பொலிசும் குண்டு எடுக்கிற ஆட்களும் வரும்வரை மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று, செல்ஃபி எடுக்க வந்த எதிர்காலப் பாதுகாப்புப் பட்டதாரிகளைத் தடி எடுத்துத் துரத்தினேன். தண்ணி ஒரு மிடறு தர ஆளில்லை. கொண்டுபோன இரும்பு என்னவென்று இன்றைக்கும் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

கடிதம் வந்தது, நல்ல தடித்த தாளில். அதையும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தேன். பதில்: தன்னார்வச் சேவை அனுபவமாகக் கணிக்கப்படாது. கீழே அதே சேரின் கையெழுத்து. வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து சத்தமில்லாமல் அழுதேன்.

சொன்னபடி மூன்றாம் மாதம் வெடி வேலை முடிந்தது. கிளிநொச்சியில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். மேசையில் இருந்த பிள்ளை, "அக்கா, தையல் அனுபவம் இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. ஊசியில நூல் கோக்கவும் மகள்தான்."

"பரவாயில்லை, நாங்கள் பழக்குவம். திங்கட்கிழமை வாங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். துளசிதான் சொன்னாள்: "அம்மா, உங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொன்னால்தான் வேலை தருவினம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எங்கே நேர்முகத்தேர்வுக்குப் புறப்பட்டாலும் வாசலில் வைத்து மற்றவர்கள் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "அம்மாவைப் போல தெரிஞ்சதைச் சொல்லிப்போடாதேங்கோ!" எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாருக்கும் மேலாய்ச் சத்தம் போட்டுச் சிரிப்பது நான்தான். சிரிக்காவிட்டால் அந்த வாசலில் நின்று என்ன சொல்லுவேனோ என்று எனக்கே பயம்.