புருஷோத்தமனுக்குக் காது தொறந்துச்சி

புருஷோத்தமனுக்குக் காது கேக்காது. வூட்டுக்குள்ள மட்டும்.

கம்பெனியில நல்லா கேக்கும். ஒரகடத்துல ப்ரெஸ் ஷாப்ல சூபர்வைசர் அவன். நாலு மெஷின் தள்ளி ஒரு போல்ட்டு லூஸானா போதும், "அத டைட் பண்ணுடா"ன்னு நின்ன எடத்துலருந்தே கத்துவான். டீக்கடையில ரெண்டு பேரு அவனப் பத்தி குசுகுசுன்னு பேசுனா, ரோட்டுக்கு அந்தாண்டருந்தே கேட்டுக்கினு வந்து சண்டைக்கு நிப்பான். ஆனா வாசப்படியில செருப்பக் கழட்டுனான்னா, அதோட சேத்து காதையும் கழட்டி வச்சிடுவான்.

"இன்னாங்க, மோட்டார நிறுத்துங்க, டேங்க்கு வழியுது!"

பொண்டாட்டி ரஞ்சனி கத்துவா. இவன் செல்லப் பாத்துக்கினு இருப்பான்.

"இன்னாங்க!"

"ஆங்? எதுனா சொன்னியா? ப்ரெஸ் சத்தத்துல காது மந்தமாயிடுச்சி ரஞ்சனி. உன் குரலு வேற மெல்லிசு."

அவ குரலு மெல்லிசாம்! ஒரு நாளு ஷிப்டுக்கு லேட்டாயி, ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி பஸ்ஸு பின்னாடி ஓடிக்கினே ஒரு சத்தம் வுட்டா பாருங்க, அவ பஸ்ஸும் நின்னுச்சி, முன்னாடி போன இன்னொரு கம்பெனி பஸ்ஸும் நின்னுச்சி. அந்த டிரைவரு எறங்கி வந்து "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்"னு கேட்டான். அது கெடக்கட்டும். ரஞ்சனிக்கு செல்போன் கம்பெனியில டெஸ்டிங் லைன்ல வேல. ரெண்டு பேருக்கும் ஷிப்டு, ரெண்டு பேருக்கும் சம்பளம். கேஸு, மோட்டாரு, துணி, சமையலு மட்டும் ஒருத்தருக்கு. காது கேக்கறவங்களுக்கு.

இப்படி சொகமாப் போயிக்கினு இருந்த மனுஷன் வாழ்க்கையில வனமாமலை வந்து சேந்தான். மாடி ரூமுல குடியிருக்கான், திருநெல்வேலி ஆளு, பாட்டுப் பைத்தியம். ஊர்ல அவன் மாமா மைக்செட் வச்சிருந்தவராம். கல்யாண வூட்டுல சாப்பாடு சரியில்லன்னா, தாலி கட்டற நேரத்துல ஒப்பாரி ரெக்கார்டு போட்டுடுவாராம். அந்த வம்சம்.

"அண்ணாச்சி, இந்த ஹெட்போன வைங்க. பாடுத அம்மா மூச்சு இழுக்கது கேக்கா?"

கேட்டுச்சி. அன்னிக்குப் புடிச்சிது சனியன். மொதல்ல ஆம்ப்ளிஃபயர் வந்துச்சி. அப்புறம் ஸ்பீக்கரு ரெண்டு, துவாரபாலகர் மாதிரி ஆளுயரத்துக்கு. நடுவுல மூலவர் எடத்துல மட்டும் பழைய டிவிடி பிளேயரு. கல்யாணத்துக்குச் சீரா வந்தது. மண்டையில தட்டுனாதான் வாயத் தொறக்கும்.

லீவு நாளுல ரெண்டு பேரும் மெட்ராஸுக்குப் போயி பெரிய கடை ஒன்னுல ஏறி எறங்குனாங்க. கடைக்காரன், வூட்டுல வச்சிக் கேட்டுப் பாருங்கன்னு ரெண்டு சிடி பிளேயரு குடுத்து அனுப்புனான். கறுப்பு ஒன்னு, வெள்ளி ஒன்னு. கறுப்ப ஒத்தக் கையில தூக்கலாம். வெள்ளியத் தூக்குனா கிரைண்டர் கல்லு தோத்துடும்.

"வெயிட்டா இருந்தாத்தான் ஆடாது அண்ணாச்சி. ஆடலேன்னாத்தான் லென்ஸு டிஸ்க்க ஒழுங்காப் படிக்கும்."

வெள்ளியில பட்டன அமுக்குனா தட்டு வெளிய வந்துச்சி. கருவறைக் கதவு தொறக்கறாப்ல, அவ்ளோ நிதானம். புருஷோத்தமனுக்கு உடம்பு சிலுத்துப் போச்சி. வாழ்ந்தா இந்த வெள்ளியோடதான்.

ஆனா சீட்டுப் பணம் ரஞ்சனி பேர்ல கீது.

"எதுக்குங்க இது? உங்க பெரியப்பா பாண்டுரங்கன் காரு வாங்குன மாதிரியா?"

அவரு, நெலத்த வித்த கையோட காரு வாங்குனவரு. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. எதுர்ல டீக்கடைக்குப் போவணும்னாலும் ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் ஓட்டிக்கினு போயி வளைச்சிக்கினு வருவாரு. வர்றதுக்குள்ள டீ ஆறிடும்.

"இது வேற ரஞ்சனி. கறுப்புல மிருதங்கம் தகர டப்பா மாதிரி கேக்குது. வெள்ளியிலதான் தோலு சத்தமே தெரியுது."

"உங்களுக்குத் தெரிஞ்சிதா?"

"ஆமா."

"காது மந்தம்னீங்களே?"

மாட்டிக்கினான். கேக்காதுன்னா பிளேயரு இல்ல. கேக்கும்னா, இத்தினி வருஷமா வழிஞ்ச டேங்க்குக்கு யாரு பதில் சொல்றது? செவுத்துல காலண்டர்ல முருகன் சிரிச்சிக்கினு இருந்தாரு. அவரையே இழுத்துட்டான்.

"காது திரும்பி வந்துடுச்சி ரஞ்சனி! போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போனேன்ல? முருகா, எம்பொண்டாட்டி குரல நான் கேக்கணும்னு வேண்டிக்கினேன். தீபாராதனைக்கு மணி அடிச்சாங்க பாரு, டக்குனு தொறந்துக்கிச்சி!"

"முருகா!" ரஞ்சனி கன்னத்துல போட்டுக்கினா. கண்ணுல தண்ணி. அவ கண்ணு கலங்குனா பயப்படணும். இவன் சந்தோஷப்பட்டான்.

"நானும் தாங்க வேண்டிக்கினு இருந்தேன்."

"நீயுமா? இன்னான்னு?"

"காது திரும்புனா உங்க முடிய எறக்கறேன்னு."

"என் முடியவா? உன் வேண்டுதலுக்கு என் முடியா?"

"காது யாருது?"

புருஷோத்தமன் வாரா வாரம் முடிக்கு மை போடறவன். சட்டைப் பையில எந்நேரமும் சீப்பு இருக்கும். தலைக்குக் கை போயிடுச்சி.

"முழுசா வரல ரஞ்சனி. ஓரமா கொஞ்சூண்டு..."

"கொஞ்சூண்டு காதுக்கு இவ்ளோ பெரிய பிளேயரு எதுக்கு? முழுசா வந்துதுன்னா பிளேயரும் வாங்கலாம், மொட்டையும் போடலாம். ஆனா எங்க லைன்ல டெஸ்ட் பண்ணாம எதையும் ஓகே பண்ண மாட்டோம். ஞாயித்துக்கிழம வச்சிக்கலாம்."

ராத்திரி பூரா யோசிச்சான். முடி வளந்துடும். இந்தப் பிளேயரு வுட்டா வராது.

ஞாயித்துக்கிழம ரெண்டு பிளேயர் மேலயும் பெட்ஷீட்டப் போத்துனா ரஞ்சனி. மாத்தி மாத்திப் போட்டா. இவன் கேட்டுக் கேட்டுச் சொன்னான். "வெள்ளி... கறுப்பு... மறுபடியும் வெள்ளி!" ஒன்னு தப்பல. நெசமாவே பாம்புக் காது. அதான் அவனுக்கு வினையே.

"இது மெஷின் டெஸ்ட்டு. இப்போ காது டெஸ்ட்டு. நான் உள்ள போயி மெல்லப் பேசறேன். நீங்க இங்கருந்தே திருப்பிச் சொல்லணும். வனமாமலை தம்பி, நீ எங்கூட வந்து நில்லு, நீதான் சாட்சி."

சமையக்கட்டுலருந்து ஒரு முணுமுணுப்பு.

"கேஸு மாத்தணும்!" இவன் ஹால்லருந்து கத்துனான்.

"சரிதான் அண்ணாச்சி! பக்கத்துல நிக்க எனக்கே பாதிதான் வெளங்கிச்சு!"

தோட்டத்துக்குப் போனா.

"டேங்க்கு ரொம்புறதுக்குள்ள மோட்டார நிறுத்தணும்!"

மொட்டமாடிக்குப் போனா.

"காஞ்ச துணிய எடுத்து மடிக்கணும்!"

வனமாமலைக்கு விஷயம் வெளங்கிடுச்சி. மாடிப்படியில பாதி எறங்கி வந்து, "போதும் அண்ணாச்சி, பாஸாயிட்டிய"ன்னான்.

"நீ சும்மா இரு வனமாமலை! இன்னும் தூரமாப் போவச் சொல்லு!"

ரஞ்சனி தெருவுக்கே போயிட்டா. கம்பெனி பஸ்ஸு ரெண்டு போச்சி, லாரி ஒன்னு போச்சி. அந்தச் சத்தத்துக்கு நடுவுல மெல்ல முணுமுணுத்தா.

"ஞாயித்துக்கிழமன்னா மீன் கொழம்பு நான்தான் வைக்கணும்!" சொல்லிட்டு எழுந்து ஒரு குதி குதிச்சான். கேட்டுச்சேன்னுதான் பாத்தான். கேட்டது இன்னான்னு பாக்கல.

வாசல்ல வந்து நின்னா ரஞ்சனி. "பாஸு. தம்பி, எல்லாத்தையும் கேட்டுக்கினல்ல?"

"கேட்டேன் மதினி." வனமாமலை தரையப் பாத்தான்.

அடுத்த கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில முடி எறங்குச்சி. தலையில சந்தனத்தோட கம்பெனிக்குப் போனான். ஹெல்மெட்டு நிக்காம மூக்கு மேல வந்து வுழுந்துச்சி. "இன்னா சார், எதுனா விசேஷமா?"ன்னு லைன்ல இருந்தவன்லாம் கேட்டான். காது வந்துச்சின்னு சொல்ல முடியுமா? போல்ட்டு கதையெல்லாம் அவனுங்களுக்குத் தெரியுமே.

வெள்ளி பிளேயரும் வந்துச்சி. ரஞ்சனி சொன்ன சொல்லு மாறல. மூலவர் எடத்துல ஜம்முனு உக்காந்துச்சி. இவன் டிஸ்க்கப் போட்டு, சோபாவுல சாஞ்சி, கண்ண மூடுவான். பாடறவ மூச்சு இழுப்பா. அந்த மூச்சுக்குள்ளாற சமையக்கட்டுலருந்து ஒரு காத்து மாதிரி வரும்.

"இன்னாங்க."

இப்பல்லாம் ரஞ்சனி கத்தறதே இல்ல. எதுக்குக் கத்தணும்? முருகன் குடுத்த காதாச்சே. கேக்கலன்னு சொன்னா சாமிக்குத்தம். மேல சாட்சி வேற வாடகைக்குக் குடியிருக்கான்.

போன ஞாயித்துக்கிழம சாயங்காலம். சோபாவுல ரஞ்சனி, ஸ்டூலு மேல காலு. வெள்ளிப் பிளேயர்ல வீணை. சமையக்கட்டுல புருஷோத்தமன், கையில வஞ்சிரம்.

"ரஞ்சனி, கொழம்புக்குப் புளி எவ்ளோ?"

ஸ்டூலு மேல காலு தாளம் போட்டுச்சி.

"ரஞ்சனி! புளி!"

வீணைதான் பேசுச்சி.

கரண்டியோட ஹாலுக்கே வந்து, அவ காதுகிட்ட குனிஞ்சி கத்துனான். "புளி எவ்ளோன்னு கேட்டேன்!"

மெல்லக் கண்ணத் தொறந்தா. "ஆங்? எதுனா சொன்னீங்களா? தெனமும் டெஸ்டிங் லைன்ல செல்லு சத்தம். காது மந்தமாயிடுச்சிங்க."

கரண்டிய எறக்குனான்.

"வல்லக்கோட்டைக்கு வேண்டிக்கோங்க," கண்ண மூடிக்கினே சொன்னா ரஞ்சனி. "அதான் முடி வளந்துடுச்சில்ல?"