புழு ஐயாவின் வாய்

புழு ஐயா வந்துவிட்டார்! வாய்ப்புண்ணா, வெள்ளைப் படையா, கவலையை விடுங்கள். கன்னத்தில் குழலை வைத்து ஓர் உறிஞ்சு. 'ப்பூ' என்று துப்பினால் கிண்ணத்துத் தண்ணீரில் புழு நெளியும். செய்வினைப் புழுவாம்! கத்தியில்லை, ரத்தமில்லை, மூளைக்கும் வேலையில்லை. வாடகைக் கூடத்திலிருந்து பேருந்து நிறுத்தம்வரை வரிசை நின்றது.

அந்த வரிசையில் சட்டைத் தொழிற்சாலையின் கட்டிங் மாஸ்டரும் நின்றார். பக்கத்தில், அங்கேயே காலர் தைக்கும் அவர் மனைவி. துணி குவிந்த இடத்தில் பீடி பற்றவைத்தால் சீட்டுக் கிழியும். அதனால் அங்கே எல்லாருக்கும் கன்னத்தில் புகையிலை. நெருப்பில்லை, புகையில்லை, ஆகவே ஆபத்துமில்லை என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். மாஸ்டர் அடக்கிவைப்பது இடது கன்னத்தில். வெள்ளைப் படை வந்ததும் அதே இடத்தில்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இப்பவே புற்றுநோய்னு சொல்லலை. அப்படியே விட்டா ஆயிடலாம். புகையிலையை இன்னிக்கே நிறுத்துங்க. துளி சதை எடுத்துப் பரிசோதிச்சிடலாம்."

அடுக்கடுக்காகத் துணி வெட்டும் வீரருக்கு, சதை என்றதும் வியர்த்துக் கொட்டியது. நேரே இங்கே வந்துவிட்டார்.

"வலியே இல்லைங்கறேன், எதுக்கு ஆஸ்பத்திரி?"

"வலி இல்லாததுக்கு இங்க மட்டும் எதுக்குங்க?" என்றாள் மனைவி. மாஸ்டர் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். அவளுக்கோ, இந்த மனுஷன் நமக்கு இல்லாமல் போய்விடுவாரோ என்ற பயம்.

ஐயா வாய் திறந்து பேசவேமாட்டார். ஞானியின் மௌனம் என்று கூட்டம் உருகியது. பேசுவதற்கென்று அவருடைய மச்சான் இருந்தான்.

"புகையிலையை விடணுமா சாமி?" என்று கேட்டார் முன்னால் நின்ற லாரி டிரைவர்.

"எதுக்கு? அந்தக் காரத்துக்குப் புழுவே சாகும். ஐயா மந்திரிச்ச புகையிலைப் பொட்டலம் இருக்கு, வாங்கிட்டுப் போங்க!" என்றான் மச்சான். நோயும் மருந்தும் ஒரே கடையில். என்ன வசதி!

மாஸ்டரின் முறை வந்தது. ஐயா டார்ச்சை எடுத்து, வாயைத் திற என்று ஜாடை காட்டினார். மனைவி குறுக்கே வந்தாள்.

"கொஞ்சம் இருங்க. எல்லார் வாயையும் நீங்க பார்க்கறீங்க. உறிஞ்சறதுக்கு முன்னாடி உங்க வாயை நாங்க ஒரு தடவை பார்த்துக்கறோம். ஆ காட்டுங்க."

"ஐயாவையே சந்தேகப்படறியா?" கூட்டம் சீறியது.

"உள்ள ஒண்ணும் இல்லேன்னா காட்டறதுல என்ன நஷ்டம்?"

லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். "கேக்கறது நியாயம்தானே? காட்டுங்க சாமி!"

ஐயாவுக்கு முகம் சிவந்தது. அவளைச் சபிக்க வாயைத் திறந்தார். சாபம் வரவில்லை, இரண்டு புழுக்கள் விழுந்தன.

மச்சான் பொட்டலங்களோடு பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினான். டிரைவர் ஐயாவின் தோளைப் பிடித்துக்கொள்ள, மாஸ்டர் அதே டார்ச்சை அந்த வாய்க்குள் அடித்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கன்னத்தில் மிச்சப் புழுக்கள். மறு கன்னத்தில் புகையிலை, அதன் ஓரத்தில் வெள்ளைப் படை. அவருடையதைவிடப் பெரியது, நடுவில் சிவந்து வேறு இருந்தது.

"யோவ், உனக்கும் இருக்கேய்யா!"

"எனக்கா?" கன்னத்தைத் தடவினார் புழு ஐயா. "அது... ஒண்ணும் பண்ணாதில்ல?"

"எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. பார்த்துச் சொல்லுவாங்க," என்றாள் அவள். மாஸ்டர் தன் சட்டைப்பையிலிருந்த புகையிலையை எடுத்துக் கிண்ணத்துப் புழுக்களோடு போட்டார். "நட, சதையை எடுத்தா எடுக்கட்டும்," என்றார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் உச்சுக்கொட்டினார்: "பாவம், ஐயாவுக்கே எவன் செய்வினை வச்சானோ!"

பெரியவரே, உங்கள் வாயைத் திறந்து பார்க்க டாக்டர் இருக்கிறார். மூளையை நீங்கள்தான் திறக்க வேண்டும்.