மாப்ளைக்கு வறுத்த வஞ்சிரம்

இன்னையோட இந்தப் பூனையா நானான்னு ஒரு முடிவு கட்டிடுறதுன்னு மாணிக்கவேலு எந்திரிச்சான். கோவம் வராதா பின்ன? பட்டினச்சேரியில பொறந்து, பாதி ஆயுச மீன்புடி போட்டுலயே கழிச்ச மனுசன். மீன்பிடி தடைக்காலம்னு போட்டெல்லாம் கரையேறிப் படுத்துக் கெடக்கு. அவனுக்குக் காலையிலயும் கருவாடு, ராத்திரியும் கருவாடு. பூனைக்கு மட்டும் காசு குடுத்து வாங்குன வஞ்சிரம்.

பூனை பேரு மாப்ள. வேல வெட்டி பாக்காம ஒக்காந்த எடத்துல நல்லதாத் திங்குதுன்னு பொண்டாட்டி அமிர்தம் வச்ச பேரு. எங்கயோ சண்டைக்குப் போயி காதக் கிழிச்சுக்கிட்டு வந்துச்சு. புண்ணு சீழ் வச்சிருச்சு. காரைக்கால்ல மாட்டு டாக்டரு ஆன்டிபயாடிக் மாத்திரை குடுத்து, "இது போட்டா குமட்டும், எச்சி ஒழுவும், வயித்தால போவும், சாப்பாடு எறங்காது. நல்ல மீனா அவிச்சு ஆச காட்டுங்க"ன்னாரு. அந்தக் கடைசி வார்த்தைய அவரு முழுங்கியிருக்கலாம்.

"நீ ஏன் அலையுற அமிர்தம்? மாத்திரைய நீ குடு, மீன நான் ஊட்டுறேன்"னான் மாணிக்கவேலு.

ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்காத மனுசன். அமிர்தம் ஏற எறங்கப் பாத்துட்டுத் தட்டக் குடுத்தா. கொல்லைக்கு எடுத்துட்டுப் போயி, மாப்ள பாத்துக்கிட்டே இருக்க இவன் முழுங்குனான். சப்புன்னு இருந்துச்சு.

"தின்னுச்சா?"

"தட்டக் கூட நக்கிருச்சு. ஆனா கொஞ்சம் உப்பு, மொளகாத்தூளு போட்டு வறுத்தியன்னா இன்னும் ஆசையாத் திங்கும்."

"பூனைக்கா?"

"பின்ன எனக்கா?"

 மறுநாளு செவக்க வறுத்த துண்டு ஒண்ணு தட்டுல வந்துச்சு. மாணிக்கவேலு கண்ண மூடிக்கிட்டுத் தின்னான். மாப்ள கால்ல வந்து ஒரசுனதுக்கு, "ஒனக்கு ஒடம்பு சரியில்லடா"ன்னு ஆறுதல் சொன்னான்.

"தின்னுச்சா?"

"ஜோரா."

"நல்லதாப் போச்சு. இன்னைக்கு மாத்திரையப் பொடிச்சு மசாலாவுலயே பெசஞ்சுட்டேன்."

மாணிக்கவேலுக்கு மீசை தொங்கிப் போச்சு.

"ஏன் புள்ள, அத... மனுசன் தின்னா என்னாவும்?"

"மனுசன் எதுக்குத் திங்குறான்? மொதல்ல குமட்டுமாம்."

குமட்டுச்சு.

"அப்பறம் எச்சி ஊறுமாம்."

ஊறுச்சு.

"அதுக்கப்பறம் வயித்தால..."

மீதியக் கேக்க ஆளு இல்ல. கக்கூஸு கதவு சாத்துற சத்தம்தான் கேட்டுச்சு.

மூணாந்தடவ வெளிய வந்தவன் சொவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னான். "மீன நான்தான் தின்னேன் அமிர்தம். டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போ."

"எந்த டாக்டரு? மாட்டு டாக்டரா?"

"யாரா இருந்தாலும் சரி."

"யாரும் வேணாம். மாத்திரைய காலையிலயே மாப்ள வாயில போட்டு, தனியா அவிச்சதும் வச்சாச்சு. நேத்து அது பசியில கத்துது, நீங்க ஏப்பம் வுடுறீங்க. எனக்குத் தெரியாதா? இன்னைக்கு வறுத்தது ஒங்களுக்குத்தான். அதுல மருந்தும் இல்ல மண்ணும் இல்ல. மீசையத் தொடைங்க, மசாலா."

மாணிக்கவேலுக்கு வயித்தால போறது அப்பவே நின்னு போச்சு. வெக்கத்துக்கு முன்னாடி பசி வந்துச்சு. "இன்னொரு துண்டு இருக்கா புள்ள?"

"மதியத்துக்குன்னு ரெண்டு துண்டு ஒங்களுக்காக எடுத்து வச்சேன். வயித்தால போறவருக்கு எப்புடிங்க குடுக்குறது?"

அவனுக்குக் கஞ்சி வந்துச்சு. ரெண்டு துண்டும் அவிஞ்சு மாப்ளைக்குப் போச்சு. தின்னுட்டு அவன் மடியிலயே ஏறிப் படுத்து, கொர்ருன்னு தூங்குச்சு. இவனும் தடவிக் குடுத்துக்கிட்டே கஞ்சியக் குடிச்சான்.

மாத்திரை தின்னது அது. சைடு எஃபெக்ட்டு பூரா இவனுக்கு.