ஆல்ட்டோக் கொப்பிகளுக்கு நான் எழுதிய விளக்கம்

முன்யோசனை மிகுந்தவர்களால் ஊருக்கு விளையும் சேதத்தைப் பற்றி எவரும் ஆய்வு செய்ததாகத் தெரியவில்லை. செய்திருந்தால், யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவை முழுமையாகப் பொலிஸ் நிலையத்துக்கு வரவழைத்த என் சாதனை அதில் தனி அத்தியாயமாக இடம்பெற்றிருக்கும்.

அப்போது நான் சமூகவியல் பட்டதாரி. (அறிமுகமானவுடனேயே எவருக்கும் இதைச் சொல்லிவிடுவேன்.) வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி, ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். உடன் வேலை செய்த ரெஜினா, கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலொன்றின் பாடகர் குழுவில் இருந்தார். அக்குழு கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தார்ப் பூசையில் பாடும் லத்தீன் பாடல்கள் வெளிநாட்டுப் பழைய பதிப்பொன்றில் இருந்தன. நான்கு குரல்களுக்கு நான்கு விதப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் குரலுக்குரிய வரிகள் மட்டுமே இருக்கும். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவின் புத்தகங்களையே கறையான் தெரிந்தெடுத்துத் தின்றிருந்தது. எஞ்சியது ஒன்றே ஒன்று. அதைப் போட்டோகொப்பி எடுத்துத் தர நான் முன்வந்தேன். (சமூக நோக்கம்தான். ரெஜினா ஆல்ட்டோ பாடுவது தற்செயல்.)

கொப்பிகள் கைக்கு வந்தபோதுதான் விளைவுகளை எடைபோடத் தொடங்கினேன். ஐந்து ஐந்தாகக் கோடுகள், அவற்றின் மேல் கறுப்புப் புள்ளிகள், கீழே எவருக்கும் விளங்காத சொற்கள். கொட்டாஞ்சேனை வரை சோதனைச் சாவடிகள். பையைச் சுமப்பவனோ யாழ்ப்பாணத்தில் பிறந்த இளைஞன். இதைச் சங்கேதம் என்று நினைத்துவிட்டால்?

ஆகவே மூன்று மொழிகளிலும் ஒரு விளக்கம் தட்டச்சு செய்து, ஒவ்வொரு கொப்பியின் முகப்பிலும் ஒட்டினேன்: "இது ஓர் இறைபாடலின் சுரக்குறிப்பு. இதிலுள்ள புள்ளிகள் இடங்களையோ நபர்களையோ குறிப்பன அல்ல. இதில் மறைபொருள் எதுவுமில்லை."

பசை இரவல் தந்த போட்டோகொப்பிக் கடைக்கார முஸ்லிம் நானா அதை வாசித்துவிட்டு, "நான் எவ்வளவோ கொப்பி அடிச்சிருக்கேன் தம்பி. ஒண்டுமில்லன்டு எழுதின கொப்பிய இன்டைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நத்தாருக்கு முதல் நாள் பிற்பகல். நள்ளிரவுப் பூசையைப் பாதுகாப்புக் கருதி மாலைக்கு மாற்றியிருந்தார்கள். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துப் புரட்டி, "பாட்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். தலையாட்டினேன். திருப்பிப் பைக்குள் வைக்கப் போனவரின் கண் முகப்பில் விழுந்தது. நின்று வாசித்தார். பிறகு பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி மரியாதையாகவே விசாரித்தார்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான், சேர்."

"மறைபொருள் இருக்கிறதா என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா?"

"இல்லை, சேர். கேட்கக்கூடும் என்று..."

"கீழே உள்ளது என்ன மொழி?"

"லத்தீன்."

"அதை யார் பேசுகிறார்கள்?"

நேர்மை என்னைக் கைவிடவில்லை. "இப்போது யாரும் பேசுவதில்லை, சேர்."

"சரி, பாடிக் காட்டுங்கள்."

"எனக்கு இதை வாசிக்கத் தெரியாது."

"வாசிக்கத் தெரியாத ஒன்றில் மறைபொருள் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பல்கலைக்கழகத்தில் எந்த விரிவுரையாளரும் என்னிடம் இவ்வளவு கூர்மையான கேள்வி கேட்டதில்லை.

கோயிலுக்குத் தொலைபேசியில் அறிவித்தார்கள். பூசை தொடங்கச் சிறிது நேரமே இருந்தது; கொப்பிகள் இல்லாமல் ஆல்ட்டோக்கள் வாய் திறக்க முடியாது. ரெஜினா பாடகர் உடையிலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார். முகப்பை வாசித்தார். என்னைப் பார்த்தார். அதிகாரி விரித்துக் காட்டிய பக்கத்தைப் பாடத் தொடங்கினார்.

அப்போதுதான் ஆல்ட்டோவின் தலைவிதி எனக்குத் தெரியவந்தது. மற்றக் குரல்கள் ஏறி இறங்கி அழகு காட்டும்போது, ஆல்ட்டோ ஒரே சுரத்தில் தூண் மாதிரி நிற்கவேண்டும். ரெஜினா ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரே சுரத்தைப் பாடினார்.

"தந்தி அடிப்பது போல இருக்கிறதே" என்றார் அதிகாரி. அருகில் நின்ற கான்ஸ்டபிளும் கவலையோடு ஆமோதித்தார்.

"மற்றக் குரல்களும் சேர்ந்தால்தான் பாட்டு, சேர்" என்றார் ரெஜினா.

"அப்படியானால் அவர்களையும் கூப்பிடுங்கள்."

ஒரு வான் வண்டியில் அடைபட்டு முழுக் குழுவும் வந்தது. முறைப்பாடு எழுதும் மேசையைச் சுற்றி நின்று பாடினார்கள். அதிகாரி ஆல்ட்டோக் கொப்பியொன்றில் விரல் வைத்துக்கொண்டே கேட்டார். ஆண்களின் குரல் கீழே விரிந்து, பெண்களின் மேற்குரலான சொப்ரானோ மேலே எழும்ப, நடுவில் அந்த ஒற்றைச் சுரம் அசையாமல் நின்றது. "ஆ, இப்போது கேட்கிறது" என்றார், காணாமற்போன பொருளைக் கண்டெடுத்தவர் போல. முகப்புக் காகிதம் ஒன்றை மட்டும் கோப்புக்கென உரித்தெடுத்துக்கொண்டு எங்களை அனுப்பினார்.

வாசலருகே மர வாங்கில், அடையாள அட்டைப் பிரச்சினையால் பிடிபட்ட இரண்டு பெடியன்கள் இருந்தார்கள். ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணை, நாங்களும் பாடினா விடுவினமோ?" அந்த மாலை நடந்தவற்றில், நினைத்து இன்னும் என்னால் சிரிக்க முடியாதது அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் வானுக்குள்தான் ரெஜினா முதல் தடவையாக என்னிடம் பேசினார். "நேசன், இனி எதையாவது விளங்கப்படுத்த நினைச்சீங்களெண்டா, முதல்ல எனக்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த வருடம், மதம், இரு வீட்டார், நாட்டு நிலைமை என அனைத்தையும் தராதரம் பிரித்து, காலிமுகத்திடல் கடற்கரையில் நீண்ட நேரம் விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதில மறைபொருள் ஒண்டும் இல்லைத்தானே?"

அந்தக் கொப்பிகள் கோயிலில் இன்னும் பாவனையில் உள்ளன. புதிதாகச் சேரும் ஆல்ட்டோக்கள் என் விளக்கத்தை அந்தப் பதிப்பின் முன்னுரை என்று நம்புகிறார்களாம். வீட்டிலோ, நான் "இதை ஏன் சொல்லுறன் எண்டால்..." என்று தொடங்கியதும் குசினியில் சமைத்தபடியே ரெஜினா ஒற்றைச் சுரமொன்றை முனகத் தொடங்குவார். மகளும் தன் அறையிலிருந்து அதே சுரத்தில் சேர்ந்துகொள்வாள். நான் நிறுத்தும்வரை அவர்களும் நிறுத்துவதில்லை.

சுரக்குறிப்பு வாசிக்க எனக்கு இன்றும் தெரியாது. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் நன்றாக விளங்கும்.