சவுக்குமர முடக்கில் ஒரு சாமி

கைப்பிரேக்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்தும் லொறி பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

முன்னால் ஒரு பசு. வீதியின் நடுவில் நின்று பொன்னையாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் பள்ளம். பொன்னையா கால்பிரேக்கை மிதித்தான். மிதியும் இறங்கியது, லொறியும் இறங்கியது. பிறகு பின்சக்கரம் எதிலோ முட்டியது. லொறி நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தான். ஒரு கல். பூசணிக்காய் அளவு இருக்கும். அதற்கு அப்பால் ஒரு முழம் வீதி, அதற்கும் அப்பால் ஒன்றுமில்லை.

அவன் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கொழுந்துக் கூடைகளோடு மேடேறிக்கொண்டிருந்த, கீழ் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பசு போய்விட்டது. பொன்னையா ஏறி உட்கார்ந்தான். கல் பின்னால் தாங்கிக்கொள்ள, லொறி முன்னால் கிளம்பியது. கல் வீதியிலேயே கிடந்தது.

லொறிக்கு மூன்று மிதி. மனிதனுக்கு இரண்டு கால். பொன்னையாவின் தொல்லை முழுவதும் அதில்தான் இருந்தது. மேட்டில் நிற்கும் லொறியைக் கிளப்ப வேண்டுமென்றால், இடது கால் கிளச்சில் இருக்க, வலது கால் பிரேக்கை விட்டு எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் மிதிக்குப் போக வேண்டும். அது போய்ச் சேரும் வரை லொறி யாருடைய பொறுப்பிலும் இல்லை. அப்போது கைப்பிரேக்தான் பிடித்து வைக்க வேண்டும். இந்த லொறியின் கைப்பிரேக் எதையும் பிடித்ததில்லை.

அவன் ஓட்டப் பழகியது கொழும்புத் துறைமுகத்தில். அங்கே மேடு இல்லை.

அதனால் ஒரு முறை வைத்திருந்தான். ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த பேக்டரியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், தோட்டத்துக் கேட் வரை எங்கும் நிற்பதில்லை. கேட் இருக்கும் இடம் சமதரை. அங்கே நிற்கலாம். அதற்குப் பிறகு அப்புத்தளை ஸ்டேஷன்.

வழியில் கீழ் லயத்துப் பெண்கள் கை காட்டுவார்கள். அந்த வீதிக்கு வந்த முதல் லொறி அது. பொன்னையாவும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவான்.

லொறி பண்டாரவளை இப்றாஹீம் முதலாளியுடையது. மாட்டு வண்டிகளை விற்று வாங்கியது. கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்.

"பொன்னையா, எல்லாரும் எனக்குச் செல்றாங்க, மேட்டுல லொறி பின்னால உருளும்னு. ஒரு தரம் உருண்டிச்சின்னு என் காதுல விழுந்தா, நீ பேச வாணாம், நானும் பேச மாட்டேன். பதுளையில வேற டிரைவர் ஈக்கிறான்."

பேச வேண்டியிருக்காது. பொன்னையாவுக்கு லயத்துக்குத் திரும்பி மம்பட்டி தூக்க வேண்டியிருக்கும். அந்த மம்பட்டியை அவன் கனவில் பார்த்திருக்கிறான்.

லொறி உருண்ட மறுநாள் காலை, அதே வளைவில், சவுக்குமர முடக்கில், கீழ் லயத்து வேலாயி வீதியின் நடுவில் நின்றாள். கையில் தட்டு, தட்டில் கற்பூரம் எரிந்தது. ஓரத்தில் அந்தக் கல் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பெண்கள்.

ஹோர்னை அமுக்கினான். வேலாயி நகரவில்லை. எரியும் கற்பூரத்தின் மேல் லொறியை ஏற்ற முடியாது. நின்றான்.

"என்ன தங்கச்சி இது?"

"உங்க உசுரக் காப்பாத்துன சாமிண்ணே. கும்பிடாமப் போவீங்களா?"

"கும்பிடுறேன். மொதல்ல அந்தக் கல்லக் குடு. சக்கரத்துக்கு வைக்கணும், கால் கடுக்குது."

"சாமியவா?"

பெண்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவளான பெரியாயி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

வேறு ஒரு கல்லை வேலாயியே கொண்டுவந்து சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தாள். பொன்னையா இறங்கி வந்தான்.

"விழுந்து கும்பிடுங்க. கண்ண மூடுங்க. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

லொறியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நேரம் போனது. புடவைகள் சரசரத்தன.

"ம். எந்திரிங்க."

அவன் லொறியைக் கிளப்பிக்கொண்டு போனான். கல்லை எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமானால் இறங்க வேண்டும், இறங்க வேண்டுமானால் நிற்க வேண்டும்.

அடுத்த நாள் முடக்கில் இரண்டு சாமிகள் இருந்தன.

"இது யாரு?" என்றான் பொன்னையா.

"தம்பி," என்றாள் வேலாயி.

இப்படி ஒரு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். பிறகு ஒரு தங்கை. கல் வைத்தால்தானே சாமியாகும் என்று பலாமரத்தில் ஆப்புக்கட்டை செய்து எடுத்துப்போனான். அதுவும் அங்கேயே தங்கியது. மறுநாள் அதை நிமிர்த்தி நட்டு, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்கள். காவல்காரராம்.

ஒரு மாதத்தில் சவுக்குமர முடக்கில் கல்லே இல்லை. சாமிகள்தான் இருந்தார்கள். பொன்னையா பேக்டரியிலிருந்தே கல் ஏற்றி வந்தான்.

காலையில் வேலைக்குப் பேர் எடுக்க ஆட்களைக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கும் முன்பே ஒரு நாள் கிளம்பிப் பார்த்தான். பனி விலகவில்லை. பனிக்குள் கற்பூரம் தெரிந்தது.

"இன்னைக்கி வெள்ளனயே வருவீங்கன்னு சாமி சொல்லிருச்சு," என்றாள் வேலாயி.

"தங்கச்சி, ஒண்ணு கேக்குறேன். சாமிய அங்கிட்டு கேட்டுப் பக்கம் கொண்டு போயி வச்சிருவோமா? சமதரை. நல்ல எடம். நானே கூரை போட்டுத் தாறேன்."

"கேட்டுப் பாக்குறேன்."

மறுநாள் பதில் வந்தது.

"கேட்டேண்ணே. அங்க வெயிலு அதிகமாம்."

அதைவிட வேறொன்று அவனை வாட்டியது. கும்பிட்டு எழுந்த பிறகு லொறி கனத்தது. அதே பெட்டிகள், அதே மேடு. ஆனால் எஞ்சின் முனகியது, தண்ணீர் கொதித்தது. கேட்டைத் தாண்டியதும் பழையபடி ஓடியது. அவன் வேலாயியிடம் சொன்னான்.

"சாமி உங்ககூட ஏறி வருதுண்ணே," என்றாள் அவள். "நல்லதுதானே."

"எதுவரைக்கும்?"

"அதோட எல்லை வரைக்கும்."

தோட்டத்து எல்லை கேட்தான். பொன்னையா கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பெட்டிகள் பிந்தின. ரயில் ஒரு தரம் விட்டுப்போனது. பெட்டிகளை மூடும் படங்கில் வெற்றிலை எச்சில் கறை இருப்பதாக ஸ்டேஷனிலிருந்து சொல்லியனுப்பினார்கள். பொன்னையா வெற்றிலை போடுவதில்லை. அதை முதலாளியிடம் சொன்னான். சாமி போடுமா என்ற யோசனை வந்ததைச் சொல்லவில்லை.

"நாளைக்கி நான் வாறேன்," என்றார் இப்றாஹீம் முதலாளி. "எங்க பிந்துதுன்னு என் கண்ணால பாக்குறேன்."

அவர் வந்தார். தொப்பியும் குடையுமாகப் பொன்னையாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னையா கல் எடுக்கவில்லை. அவர் முன்னால் கல் வைக்க முடியாது. கல் வைப்பவன் வண்டிக்காரன், டிரைவர் இல்லை.

வழி நெடுக ஒன்றை மட்டும் வேண்டினான். இன்று மட்டும் அங்கே யாரும் இருக்கக் கூடாது.

எல்லோரும் இருந்தார்கள்.

"இது என்ன கூட்டம்?" என்றார் முதலாளி.

"சாமி, மொதலாளி. நிக்காமப் போனா தோட்டத்தாளுங்க கோவிச்சுக்குவாங்க."

"அப்ப நில்லு. நம்மட தொழில் அவங்களோடதான். கெதியா முடி."

லொறி நின்றது. பொன்னையா இறங்கவில்லை. இறங்க முடியாது. முழு உடம்பும் வலது காலில் இருந்தது.

"விழுந்து கும்பிடலையாண்ணே?" என்றாள் வேலாயி.

"மனசுக்குள்ள விழுந்துட்டேன்."

அவள் முதலாளியைப் பார்த்தாள். பிரேக்கில் நடுங்கும் காலைப் பார்த்தாள். கற்பூரத்தை இருவருக்கும் முன்னால் மெதுவாகச் சுற்றினாள். மிகவும் மெதுவாக. லொறியின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தது. மறுபடி தாழ்ந்தது.

"என்ன அசையுது?" என்றார் முதலாளி.

"சாமி ஏறுது, மொதலாளி."

இப்றாஹீம் முதலாளி குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வேலாயி தட்டோடு விலகி எங்கோ போனாள். வீதி வெறுமையானது. இனிக் கிளம்ப வேண்டும். பொன்னையாவுக்கு மம்பட்டி தெரிந்தது. அதன் பிடி கூடத் தெரிந்தது. பெயர் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டான். கடைசியில் அண்ணனையும் தம்பியையும் கூப்பிட்டான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

லொறி பின்னால் ஒரு விரற்கடை போனது.

நின்றது.

பிரேக்கில் கால் இல்லை. கைப்பிரேக்கில் கை இல்லை. மேட்டின் நடுவில், அவ்வளவு பாரத்தோடு, லொறி தானாக நின்றது. பொன்னையா அழுதுவிடுவான் போலிருந்தது. வேகம் கொடுத்தான். லொறி முனகிக்கொண்டு முன்னால் ஏறியது.

முடக்கு பின்னால் மறைந்ததும் முதலாளி குடைப்பிடியைத் தளர்த்தினார்.

"நம்பக் கூடாதவனுகட பேச்ச நம்பிட்டேன்," என்றார் பிறகு. "ஒரு துளி உருளல்லயே. பதுளைக்காரனுக்கு வர வாணாம்னு செல்லியனுப்புறேன்."

"அவனுக்கு முன்னமே சொல்லிட்டீங்களா, மொதலாளி?"

"நாளைக்கி வாறதா இருந்தான்."

கேட் வந்தது. முதலாளி காவல்காரனிடம் ஊர்க்கதை பேசத் தொடங்கினார். பொன்னையா இறங்கினான். சாமி எல்லையில் இறங்கும் நேரம். பின்பக்கம் போய்க் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. கைகளைக் கூப்பிக்கொண்டே போனான்.

படங்கு தூக்கியது. ஒரு கால் வந்தது. மெட்டி போட்ட கால். பிறகு கூடையோடு பெரியாயி இறங்கினாள், வெற்றிலை மென்றுகொண்டு. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி. யாரும் அவனைப் பார்க்கவில்லை. கேட்டை ஒட்டிய பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிடத் தொடங்கியிருந்தான். பிந்தியவளுக்கு அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. எல்லோரும் ஓடினார்கள்.

கடைசியாக வேலாயி இறங்கினாள். அவளுடைய கூடை கனத்தது. உள்ளே மஞ்சளும் குங்குமமுமாக மூத்த சாமி இருந்தது. நெற்றிப் பொட்டின் மேல் டயரின் தடம் பதிந்திருந்தது.

பொன்னையாவின் கூப்பிய கைகள் அப்படியே இருந்தன.

"வேலாயி," என்றான் குரலை அடக்கி. "சாமியவா சக்கரத்துக்கு அடியில வச்சே?"

அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"மொதல்ல நாங்க கை காட்டுனப்பவே நின்னிருந்தீங்கன்னா, இது கல்லாவே கெடந்திருக்கும்ணே."