ஆறு பந்தும் ஒரு பொன்னாடையும்

என்னால் சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலை நிறுத்தினால் கை எதையாவது நோண்டும். இரண்டையும் கட்டிப்போட்டால் வாய் திறந்துகொள்ளும். சும்மா இருப்பதுதான் ஞானத்தின் கடைசிப் படி என்று சொல்லும் புத்தகங்களை நிறையப் படித்திருக்கிறேன். (காலை ஆட்டிக்கொண்டேதான்.)

என் மாமனார் இதற்கு நேர் எதிர். தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருப்பவர். கடல் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சிவிட்டு, அது உப்பாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பதையே தொழிலாகக் கொண்டவர். பெண் பார்க்கப் போன அன்றே என்னைப் பற்றித் தன் மகளிடம் சொல்லியிருக்கிறார்: "படிச்ச பையன்தான். ஆனா அந்தக் கால் ஆடுறதப் பாத்தா எனக்கே எந்திரிச்சு ஓடணும் போல இருக்கு." அதையும் மீறி செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணமாகி எட்டு மாதம் இருக்கும். மாமனார் அப்போது கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கிளப்புக்குச் செயலாளர். அந்தக் கிளப்பின் நடுக்கூடத்தில் வெள்ளைக்காரன் காலத்து பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று, யானைக் கால் மாதிரி எட்டுக் கால்களோடு நின்றது. விளையாட ஆளில்லை, எதற்கு இந்த மேசை, தூக்கிவிட்டால் பிரியாணிப் பந்தி போட இடம் கிடைக்குமே என்று உறுப்பினர்களில் ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. மாமனாருக்கோ அந்த மேசை உயிர். ஆண்டு விழா அன்று ஒரு வித்தைக்காரரை வரவழைத்து மேசையின் மகிமையைக் காட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் கைதூக்கச் சொல்லி ஓட்டெடுப்பது அவருடைய திட்டம்.

அந்த வித்தைக்காரர் குருசாமி அண்ணாச்சி. விளாத்திகுளத்துக்காரர். ஏதோ ஒரு மலை ஊர் கிளப்பில் புள்ளி எழுதும் மார்க்கராக வேலைக்குச் சேர்ந்து, உறுப்பினர்கள் சாப்பிட்டுத் தூங்கும் மத்தியான நேரங்களில் தனியாக அடித்து அடித்துக் கற்றவர். கம்பால் ஒரு தட்டு தட்டினால் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போகும். போன பந்து அவர் கூப்பிட்டால் திரும்பியும் வரும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இரண்டே இரண்டு. அவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வரவேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும்.

"ஏங்க, அந்த மேசையில மட்டும் கை வச்சிராதீங்க," என்றாள் செல்வி. "அப்பாவுக்கு இது மானப் பிரச்சினை. இன்னைக்கு ஒரு நாள் சும்மா இருங்க, போதும்."

மத்தியானம் அண்ணாச்சி ஒத்திகை பார்த்தார். ஒரு ஷாட்டை இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை போட்டார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். அவர் சிரித்தார்.

"மாப்ளே, மொத ரெண்டு தடவ வேணும்னே தப்பா அடிக்கணும். அப்பத்தான் சனம் 'ஐயோ பாவம்'னு நம்ம பக்கம் வரும். ஒரே அடியில போட்டா, இதென்ன பிரமாதம்னு எந்திரிச்சுப் போயிருவானுவ. பாதி வித்த கையில, மீதி மூஞ்சியில."

மாலையில் கூடம் நிரம்பியது. அண்ணாச்சி கம்பைச் செங்குத்தாகப் பிடித்துப் பந்தின் தலையில் ஒரு குத்து விட்டார். அது சோடா பாட்டிலைத் தாண்டிப் போய் நின்று, யோசித்து, வளைந்து பின்னால் வந்தது. "ஏரலுக்குப் பொறப்பட்டுச்சு, குடைய மறந்துட்டோம்னு திரும்பி வருது பாத்தீங்களா!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எதிர்க்கட்சி பிரியாணிக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். மாமனாரின் முகத்தில் உப்பு விளைந்த களை.

கடைசி ஷாட்: ஒரே அடி, ஆறு பந்து, ஆறு குழிகள். ஒவ்வொரு பந்தையும் மயிரிழை பார்த்து வைத்தார். காற்று ஆகாது என்று மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் விசிறி இல்லாத இருபது நிமிடம் என்பது ஒரு யுகம். சட்டைகள் முதுகில் ஒட்டின. நாற்காலிகள் முனகின. என் கால் முழு வேகம் எடுத்திருந்தது.

அப்போதுதான் கிளப் தலைவர் எழுந்தார். ஓய்வுபெற்ற டாக்டர். "ஏரல்ல ஒரு ரிசப்ஷன் இருக்கு. பொன்னாடைய இப்பவே போட்டுட்டா போட்டோவுல நின்னுட்டுக் கெளம்பிருவேன்."

"சார், ஒரே நிமிசம். அடிச்சிருதேன்," என்றார் அண்ணாச்சி.

யார் கேட்டார்கள்? பொன்னாடை என்று ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் அதற்குமுன் எந்தக் கலையும் நிற்க முடியாது. மைக்கில் என் பெயரை வாசித்தார்கள். இருபது நிமிடம் அடக்கிவைத்த என் உடம்பு நாற்காலியிலிருந்து தெறித்தது.

முதல் முறை ஒழுங்காகத்தான் போர்த்தினேன். நல்ல ஜரிகைப் பொன்னாடை, இரண்டு ஓரமும் முழ நீளக் குஞ்சம். அண்ணாச்சி மேசையை ஒட்டி நின்றார். இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் மாமனார். அதோடு நான் போய் உட்கார்ந்திருக்கலாம்.

"சார், கண்ண மூடிட்டீங்க," என்றார் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர், தலைவரைப் பார்த்து. "இன்னொரு வாட்டி போடுங்க."

(ஒரே தடவையோடு போர்த்தி முடிந்த பொன்னாடை தமிழ்நாட்டில் கிடையாது.)

நான் பொன்னாடையை உருவினேன். மெல்ல உருவியிருக்கலாம். ஈர வேட்டியை உதறுவதுபோல ஒரு வீசு வீசி உருவினேன். குஞ்சம் மேசையை ஒரு முழு வட்டம் அடித்து வந்தது. டக், டக், டக்கென்று பந்துகள் திசைக்கொன்றாகச் சிதறின. ஒன்று கீழே குதித்துத் தலைவரின் கால் கட்டைவிரலில் இறங்கியது. இன்னொன்று மூலைக்குழிவரை உருண்டு போய், வாசலிலேயே நின்றுவிட்டது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார். (இதுதான் வித்தை என்று நினைத்துவிட்டார், பாவம்.)

"ஏலே, இதுக்குத்தானா இருவது நிமிசம் ஃபேன அமத்துனீங்க? எந்திரிங்கல, சாப்பிடப் போவோம்," என்றது ஒரு குரல். நாற்காலிகள் நகரத் தொடங்கின. மாமனார் என்னைப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தார், வீட்டைவிட்டுப் போகப்போகிற ஒருவரைப் பார்ப்பதுபோல.

அண்ணாச்சி கடகடவென்று சிரித்தார்.

"பயந்துட்டீங்களா? உக்காருங்க, உக்காருங்க! நானும் மாப்பிள்ளையும் மத்தியானமே பேசி வச்சதுல்லா இது! இனிமேத்தான ஆட்டமே!"

சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். எதையும் பேசி வைக்கவில்லை என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. "மேசையில ஏறிப் படுங்க மாப்ளே."

மல்லாக்கப் படுத்தேன். கம்பு நுனியில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் கட்டியை என் பற்களுக்கு நடுவில் செருகினார். அதன்மேல் வெள்ளைப் பந்தை உட்காரவைத்தார். பொன்னாடையை என் நெஞ்சிலிருந்து கால்வரை போர்த்தி, கை கால் அசையாதபடி ஓரங்களை அடியில் செருகினார். பிறகு காதருகே குனிந்தார்.

"ஆடுனா பந்து போவாது, பல்லு போயிரும். பாத்துக்கிடுங்க."

கம்பு என் தாடைக்கு மேலே வந்து நின்றது. அந்த நொடியில்தான் மத்தியானம் அவர் சொன்ன தொழில் ரகசியம் நினைவுக்கு வந்தது. முதல் இரண்டு தடவை வேண்டுமென்றே தப்பாக அடிக்கணும்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் கம்பை இழுத்தார், நிறுத்தினார். வேர்வை துடைத்தார். "மாப்பிள்ளைக்காக எல்லாரும் கும்பிட்டுக்கிடுங்க," என்றார். மறுபடி இழுத்தார், மறுபடி நிறுத்தினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா இருந்தேன். ஞானம் எதுவும் வரவில்லை. சாக்பீஸ் கசந்தது.

டக்.

பந்து என் மூக்கைத் தாண்டிப் பறந்து மேசைத் துணியில் இறங்கி, மூலைக்குழி வாசலில் நின்ற பந்தைத் தட்டி உள்ளே தள்ளியது. கூரை இடிவதுபோலச் சத்தம். மாமனார் ஒரு வினாடியும் வீணாக்கவில்லை. "மேசை இருக்கட்டுங்கிறவங்க கை தூக்குங்க!"

அத்தனை கைகளும் உயர்ந்தன. மாமனார் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார். ஸ்டூடியோக்காரரின் பிளாஷ் அப்போதுதான் மின்னியது.

அந்த மேசை இன்றும் இருக்கிறது. அந்தப் படமும் சட்டம் போட்டு அதற்கு மேலே தொங்குகிறது. நடுவில் நான், பொன்னாடை போர்த்தி, கண்மூடி, கடித்து நொறுக்கிய சாக்பீஸால் உதடெல்லாம் நீலம் பாரித்து, நீட்டி நிமிர்ந்து கிடக்கிறேன். தலைமாட்டில் டாக்டர், வலிக்கும் கட்டைவிரலைப் பார்த்துத் தலை குனிந்து நிற்கிறார். கால்மாட்டில் மாமனார் கண் கலங்கக் கைகூப்பி நிற்கிறார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன் மேசைக்கும் கம்புகளுக்கும் பொட்டு வைத்து மாலை போட்டார். அப்படியே படத்துக்கும் சந்தனம் வைத்து, ஒரு மாலை போட்டு, பத்தி கொளுத்திவிட்டார். "யாரோ பெரிய உறுப்பினர் போலுக்கு, நல்ல வயசுலயே போயிருக்காரு," என்று வருத்தப்பட்டாராம். விஷயம் தெரிந்து நான் பதறி ஓடினேன். மாமனாரோ, போட்ட மாலையை நடுவில் நிறுத்தினால் நல்லதல்ல என்று சொல்லிவிட்டார். ஆகவே வருடாவருடம் விழுகிறது. அன்று காலை செல்வி எனக்குக் காபியைக் கொடுத்துக்கொண்டே, "உங்களுக்கு மாலை போட்டாச்சாம், அப்பா போன் பண்ணுனாங்க," என்பாள்.

கிளப்புக்கு வரும் வெளியூர்க்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, யார் இது, எப்படி ஆச்சு என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். மாமனார் நிதானமாகச் சொல்வார்:

"எங்க மாப்பிள்ளைதான். வீட்டுலதான் இருக்காரு. ஆயுசுல ஒரே ஒரு தடவ ஆடாம இருந்தாரு. அதுக்குத்தான் மால."