கிருமி சார் காட்டிய தட்டு

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தியைத் தொடுவதே இல்லை என்று கிருமி சார் சபதம் செய்தபோது, அவர் கையில் இருந்தது கத்திதான். எதிரே மலை மாதிரி பீன்ஸ்.

காய்கறியை நறுக்கிப் பையில் அடைத்து விற்கும் கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். காய் குளோரின் தண்ணீரில் முங்கி எழுந்ததா, கையுறை கிழிசலா என்று குடைந்தெடுப்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். வீட்டில் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். வாரம் முழுவதற்கும் வேண்டிய காயை ஞாயிறு விடிந்ததும் இவர் நறுக்கி, டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட வேண்டும். ஊரே இழுத்துப் போர்த்தித் தூங்கும் நேரத்தில் கேரட்டோடு மல்லுக்கட்ட அவருக்கு அழுகையாக வந்தது.

"வெட்டி வச்ச காய் விஷம், தெரியுமா?"

"உங்க கம்பெனில வெட்டி வச்சுத்தானே விக்கிறீங்க?"

"அங்க மருந்துத் தண்ணி இருக்கு, குளுகுளு ரூம் இருக்கு, மீசைக்குக்கூட உறை இருக்கு. இங்க என்ன இருக்கு?"

"நீங்க இருக்கீங்களே."

"டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன் பாரு!"

"காட்டுங்க. நிரூபிச்சா ஒத்துக்குவேன்."

ஃப்ரிட்ஜில் இருந்த காய் ஒழுங்காக இருந்து தொலைத்தால்? வம்பே வேண்டாம் என்று ஒரு டப்பாவைத் திருட்டுத்தனமாகத் தூக்கி, அந்த ஞாயிறு பகல் முழுக்க வாசலில் நின்ற ஸ்கூட்டர் டிக்கியில் புழுங்கவிட்டார். மறுநாள்தான் கம்பெனி லேபுக்குக் கொண்டுபோனார். சில நாளில் சோதனைத் தட்டில் கிருமிகள் புள்ளி புள்ளியாக ஜாம்ஜாமென்று வளர்ந்தன. மூடி ஒட்டிய தட்டைக் கோப்பை வென்றவர் போல வீட்டுக்கு ஏந்தி வந்தார்.

"பாத்தியா? அத்தனை புள்ளியும் கிருமி. வாடகை குடுக்காமக் குடும்பம் நடத்துது!"

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அய்யய்யோ! நீங்க சொன்னது சரிதாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவர் கேட்டிராத வாக்கியம். உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதுக்கு என்னங்க வழி?"

"அன்னன்னிக்கு வேணுங்கறத அன்னன்னிக்கு வெட்டணும். வெட்டின கையோட அடுப்புல ஏத்தணும்."

"வெட்டுறதுக்கு முன்னாடி?"

கேட்க வேண்டுமா? பலகையை எப்படித் தேய்ப்பது, கத்தியை எந்தத் தண்ணீரில் கழுவுவது, நகம் எவ்வளவு ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் பொழிந்தார்.

"அடேயப்பா! இதெல்லாம் எனக்கு வராதுங்க."

"வரவே வராது. அதுக்குன்னு படிச்சிருக்கணும்!" என்று மார்தட்டிவிட்டுப் போய்ப் படுத்தார்.

விடியுமுன் யாரோ போர்வையை உருவினார்கள். டீச்சரம்மா, கையில் பலகையோடு.

"எந்திரிங்க. நான் ஸ்கூலுக்குக் கெளம்பணும். கத்தரிக்கா வெட்டணும்."

"நானா?"

"அதுக்குன்னு படிச்ச கை இந்த வீட்டுல ஒண்ணுதானே இருக்கு?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவருக்கு நாக்கு துடித்தது. "அந்த டப்பா... வந்து..."

"டிக்கில வச்சிருந்தீங்களே, அதுவா? அன்னிக்கு மதியமே பாத்துட்டேன். நிரூபிச்சது நீங்கதானே? எந்திரிங்க."

கிருமி சார் எழுந்து கையைக் கழுவினார். முதல் கத்தரிக்காயை வெட்டும்போது மெல்லக் கேட்டார்: "ஞாயித்துக்கிழமையாவது தூங்கிக்கலாமா?"

"கிருமிக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை?"